புதிதாய் நிற்கும் தொன்மை: இசே ஆலயமும் மரபின் பொறுப்பும்

யப்பான் நாட்டின் மியே மாநிலத்திலே, இசே என்னும் நகரில், ஷிந்தோ சமயத்தினர் தம் ஆலயங்கள் யாவற்றினும் தலையாயதெனப் போற்றும் ஆலயம் உளது. சூரியதேவியாகிய அமத்தெராசுவுக்குரிய உள்ளாலயமும், உணவுக்குந் தொழில்வளத்துக்கும் தெய்வமாகிய தொயோவுக்கேயுக்குரிய புறவாலயமும், இவற்றைச் சார்ந்த சிற்றாலயங்களும் சேர்ந்த 125 ஆலயங்களின் தொகுதி அது. அங்குச் சென்று மீள்வோரிற் பலர் முதலிற் கூறுவது அவ்விடத்தின் அமைதியைப் பற்றியே. அடுத்துக் கூறுவது அதன் பழைமையைப் பற்றி. இவ்விரண்டும் உண்மையே எனினும், இரண்டுமே நாம் முதற்பார்வையிற் கருதும் பொருளில் உண்மையல்ல. பழைமையானது என ஒன்றை நாம் வணங்கும்போது உண்மையில் எதனை வணங்குகின்றோம்? அப்பழைமையின் பெயராற் செய்யப்பட்டவற்றுக்கு யார் பொறுப்பு? இவ்விரு வினாக்களையும் இசே ஆலயத்தை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில், அங்குச் செல்லும் ஒருவர் காண்பது யாது என நோக்குவோம். இசுசு என்னும் தெளிந்த ஆற்றின் மீது ஏறத்தாழ நூறு மீற்றர் நீளமான மரப்பாலம் ஒன்று உண்டு. உஜிப் பாலம் என்பது அதன் பெயர். அதன் இரு முனைகளிலும் 'தொரியி' எனப்படும் மரவாயில்கள் நிற்கின்றன. பாலத்தைக் கடந்ததும் பரல்கள் பரப்பிய அகன்ற பாதை தொடங்குகின்றது. நடப்போரின் காலடியிற் பரல்கள் நெரியும் ஓசையன்றிப் பிறிதோசை பெரிதாக இல்லை. வழியில் ஆற்றங்கரைக்கு இறங்கி, ஓடும் நீரிற் கைகளைக் கழுவிக்கொள்ளலாம். பின்னர் வானளாவிய ஊசியிலை மரங்களினூடே சென்றால் ஒரு கற்படிவரிசை எதிர்ப்படும். அப்படிகளுக்கு மேல் நிழற்படம் எடுத்தல் கூடாது. மேலே ஏறியவர் மூல ஆலயத்தைக் காண்பதில்லை. ஒன்றன்பின் ஒன்றாய் அமைந்த வேலிகளும், வாயிலில் தொங்கும் வெண்டிரையுமே அவர் கண்முன் நிற்கும். வேலிக்கு மேலாகப் புல்வேய்ந்த கூரையின் முகடும், அதன் இரு முனைகளிலும் கவராய் உயர்ந்து நிற்கும் மரங்களும் மாத்திரம் தெரியும். அவர் இருமுறை தலைவணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்கித் திரும்புவார்.

கூர்ந்து நோக்குபவர்க்கு இங்கே ஒரு வியப்பு உண்டு. தொன்மைமிக்க ஆலயம் என்று கேள்வியுற்று வந்தவர் காணும் மரம் புதியது. கருமை படிந்த தூண்களோ, தேய்ந்த வாயிற்படிகளோ, பாசி பிடித்த சுவர்களோ அங்கில்லை. இன்று நிற்கும் மூல ஆலயம் 2013ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்டது. அதன் அருகே, அதே அளவினதாய், வெண்கற்கள் பரப்பிய வெற்றுநிலம் ஒன்று கிடக்கின்றது. சிறியதொரு மரக்கூடு மாத்திரம் அதன் நடுவே உளது. முன்னைய ஆலயம் நின்ற இடம் அது. வருங்கால ஆலயம் எழப்போகும் இடமும் அதுவே.

இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆலயத்தை அருகிலுள்ள நிலத்தில் முற்றாகப் புதிதாய்க் கட்டித் தெய்வத்தை அதற்கு எழுந்தருளச் செய்தல் இசேயின் மரபு. 'ஷிகினென் செங்கூ' என இது வழங்கப்படும். தென்மு பேரரசர் இதனை வகுத்தார் என்பர். அவருக்குப்பின் ஆட்சிசெய்த பேரரசி ஜித்தோவின் காலத்தில், கி.பி. 690இல் உள்ளாலயத்திலும் 692இல் புறவாலயத்திலும் இது முதன்முதல் நிகழ்ந்தது. 2013இல் நிகழ்ந்தது 62ஆவது முறை. அடுத்தது 2033இல் நிகழவுளது. அதற்கான முதற் சடங்குகள் 2025இலேயே தொடங்கிவிட்டன. ஆலயத்தின் தூண்கள் அடிக்கல் இன்றி நேரே மண்ணில் நடப்படுகின்றன. கூரை புல்லால் வேயப்படுகின்றது. ஆதலின் அவை நெடுங்காலம் நில்லா. ஹினோக்கி எனப்படும் சைப்பிரசு வகை மரங்கள் ஏறத்தாழப் பத்தாயிரம் இதற்கென வெட்டப்படுகின்றன. கட்டடங்கள் மாத்திரமன்றி, தெய்வத்துக்குரிய ஆடைகள், வாள்கள், நெசவுக் கருவிகள் முதலாக 714 வகைப்பட்ட 1,576 பொருள்களும் புதிதாகச் செய்யப்படுகின்றன. 2013ஆம் ஆண்டுப் பணிக்கு ஏறத்தாழ 5,500 கோடி யென் செலவாயிற்று.

பாலஸ்தாபனஞ் செய்து, திருப்பணி முடித்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை கும்பாபிஷேகம் நிகழ்த்தும் நமது ஆலய வழக்கை அறிந்தோர்க்கு இம்மரபு முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நமது ஆலயங்களிற் கல் நிலைத்து நிற்க, சாந்நித்தியம் புதுப்பிக்கப்படுகின்றது. இசேயிலோ கட்டடமே முற்றாக மாறுகின்றது.

அவ்வாறாயின், ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழைமை எங்கே உளது? மெய்யியல் மாணவர்க்கு இவ்வினா புதியதன்று. கிரேக்க வீரன் தெசியசின் கப்பலை ஏதென்சு மக்கள் பேணிவந்தபோது, உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக நீக்கிப் புதியன பொருத்தினர் என்றும், அது பழைய கப்பல்தானா என மெய்யியலாளர் வாதிட்டனர் என்றும் புளூட்டாக் எழுதினார். பதினேழாம் நூற்றாண்டில் தோமசு ஹொப்சு இவ்வினாவை மேலும் சிக்கலாக்கினார். நீக்கிய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்து மற்றொரு கப்பல் கட்டுவானாயின், எது தெசியசின் கப்பல்? ஹொப்சு கற்பனையாகக் கேட்டது இசேயில் ஏறக்குறைய நிகழ்கின்றது. கலைக்கப்பட்ட ஆலயத்தின் மரங்கள் நாட்டின் பிற ஆலயங்களுக்கு வழங்கப்படுகின்றன. மூல ஆலயங்களின் முகட்டைத் தாங்கிய பெருந்தூண்கள் உஜிப் பாலத்தின் இரு முனைகளிலும் வாயில்களாகி இருபது ஆண்டுகள் நிற்கின்றன. அதன்பின் அவை இசேக்குச் செல்லும் பழைய வழியிலுள்ள குவானா, செக்கி என்னும் ஊர்களுக்குச் சென்று மேலும் இருபது ஆண்டுகள் வாயில்களாய் நிற்கின்றன. எனினும் குவானாவிலுள்ள மரத்தைக் கண்டு, 'இதுவே உண்மையான இசே' என எவரும் கூறுவதில்லை.

காரணம் தெளிவு. இசேயின் ஒருமைப்பாட்டை அம்மக்கள் பொருளில் வைக்கவில்லை. மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் கூறிய விளக்கை ஈண்டு நினைவுகூரலாம். முன்னிரவில் எரிந்த சுடரும் பின்னிரவில் எரியும் சுடரும் ஒன்றுமல்ல, முற்றிலும் வேறுமல்ல. ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தொடர்கின்றது. இசேயின் சுடரைத் தொடரச் செய்வது மனிதரின் செயலாகும். இருபது வயதில் உளிபிடித்துக் கற்ற தச்சன், நாற்பதில் தேர்ந்த கைவினைஞனாக அதே பணியைச் செய்து, அறுபதில் இளையோரை நடத்துவான் என இருபதாண்டுக் கணக்குக்கு ஒரு விளக்கம் கூறுவர். மரம் மண்ணோடு போகின்றது, கைகளின் அறிவு தங்குகின்றது. 1933இல் இசேயைக் கண்ட ஜேர்மானியக் கட்டடக்கலைஞர் புரூனோ டவுட், அதனை ஏதென்சின் பார்த்தினனோடு ஒப்பிட்டுப் போற்றினார். பார்த்தினன் காலத்தை எதிர்த்து நின்று சிதைந்தது. இசேயோ காலத்தோடு உடன்பட்டுச் சிதைவை முந்திக்கொள்கின்றது.

இம்மட்டோடு நின்றால் இக்கட்டுரை ஒரு பாராட்டுரையாக முடிந்துவிடும். ஆனால் தொன்மை செயலில் உளது எனக் கொண்டவுடன், அச்செயலைச் செய்தோர் யாவர், எத்தகைய நோக்கோடு செய்தனர் என்ற வினாவும் உடன் எழுகின்றது. அவ்வினாவுக்கு இசேயின் வரலாறு நேரான விடை தருவதில்லை.

முதலாவதாக, இத்தொடர்ச்சி இடையறாததன்று. உள்நாட்டுப் போர்கள் மலிந்த பதினைந்தாம் பதினாறாம் நூற்றாண்டுகளில் ஆலயம் பொருளின்றி நலிந்தது. உள்ளாலயம் 1462க்குப் பின் 1585 வரையும், புறவாலயம் 1434க்குப் பின் 1563 வரையும் முறைப்படி புதுப்பிக்கப்படவில்லை. ஐந்து தலைமுறைகள் கடந்தன. சுடர் அணைந்தது என்றே கூறவேண்டும். அதனை மீண்டும் ஏற்றியோர் கெயிகோயின் என்னும் மடத்தைச் சேர்ந்த பௌத்த பிக்குணிகள். செய்ஜுன் என்னும் பிக்குணி திரட்டிய பொருளால் 1563இல் புறவாலயம் எழுந்தது. அவர்வழி வந்த ஷுயோவின் முயற்சியாலும், ஒடா நொபுனாகா, தொயோதொமி ஹிதெயோஷி ஆகியோரின் கொடையாலும் 1585இல் ஈராலயங்களும் புதுப்பிக்கப்பட்டன.

இதன் சிறப்பை உணர்வதற்கு ஒரு செய்தியை அறிதல் வேண்டும். 927இல் தொகுத்து முடிக்கப்பட்ட 'எங்கிஷிகி' என்னும் விதிநூல், இசேத் தெய்வத்துக்குப் பணிபுரிய அனுப்பப்பட்ட அரசகுமாரியின் மாளிகையிலே பௌத்தச் சொற்களை வழங்கலாகாதென விலக்கியது. புத்தரை 'நடுப்பிள்ளை' என்றும், சூத்திரத்தைச் 'சாயமிட்ட தாள்' என்றும், தலைமழித்த துறவியை 'நீள்மயிரர்' என்றும், பிக்குணியை 'நீள்மயிரி' என்றும் அங்கே மறைமொழியாற் குறித்தனர். எவர் பெயரை உச்சரிக்கவும் இம்மரபு மறுத்ததோ, அவர்களே அம்மரபை மீட்டெடுத்தனர். தூய மரபு என்று எதுவும் தனித்து வாழ்ந்ததில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இரண்டாவதாக, இன்று நாம் அனுபவிக்கும் அமைதியும் ஒரு காலத்தில் ஆக்கப்பட்டதே. எதோ காலத்தில் இசே ஆரவாரம் நிறைந்த யாத்திரைத் தலமாக விளங்கியது. 1705, 1771, 1830 ஆகிய ஆண்டுகளில் மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். 1830இல் வந்தோர் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என்பர். வேலையாட்கள் எசமானரிடமும், பிள்ளைகள் பெற்றோரிடமும் விடைபெறாமலே புறப்பட்டனர். அக்காலத்தில் உஜிப் பாலத்துக்கு உட்புறமாகவும் குடியிருப்புகள் இருந்தன. 1886இல் தொடங்கப்பட்ட ஷின்யென்காய் என்னும் சங்கத்தின் முயற்சியால் அவ்வீடுகள் அகற்றப்பட்டுப் புனிதப் பூங்கா அமைக்கப்பட்டது. பாலத்தைக் கடந்தவுடன் இன்று கண்ணுக்கு விருந்தாகும் அகன்ற வெளி, மனிதர் வாழ்ந்த இடமாக இருந்தது. காலங்காலமாய் அங்கு உறைவதெனத் தோன்றும் அமைதியின் ஒரு பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திட்டமிட்டு உருவாக்கப்பட்டது.

மூன்றாவது செய்தி இவையிரண்டினும் பாரதூரமானது. 1868இல் மெய்ஜி அரசு ஷிந்தோவையும் பௌத்தத்தையும் வேறாக்குமாறு ஆணையிட்டது. அடுத்த ஆண்டில் பேரரசர் இசேக்கு நேரில் வந்தார். ஜித்தோவுக்குப்பின் ஆட்சியிலிருந்த பேரரசர் ஒருவர் வந்து வழிபட்டது அதுவே முதன்முறை. அவ்வருகையை ஒட்டி ஆலயத்தின் சுற்றுப்புறத்திலிருந்த பௌத்த விகாரைகள் பல மூடப்பட்டன. பிக்குணிகள் மீட்ட ஆலயத்தின் நிழலிலே பௌத்தத்துக்கு இடமில்லாமற் போயிற்று. இசே அரசின் ஆலயமாயிற்று. அரசு செல்லுமிடமெல்லாம் அமத்தெராசுவின் வழிபாடும் சென்றது. கொரியாவை யப்பான் ஆண்ட காலத்தில், 1925இல், சோல் நகரின் நம்சான் குன்றில் அமத்தெராசுவுக்கும் மெய்ஜி பேரரசருக்கும் பேராலயம் எழுப்பப்பட்டது. 1930களில் கொரிய மக்கள் அங்கும் அதுபோன்ற பிறவிடங்களிலும் வணங்குமாறு வற்புறுத்தப்பட்டனர். மாணவர்கள் அணிவகுத்து அழைத்துச் செல்லப்பட்டனர். வணங்க மறுத்த கிறித்தவர் பலர் சிறைப்பட்டனர். சூ கி-சொல் என்னும் போதகர் 1944இல் பியொங்யாங் சிறையில் உயிர்நீத்தார். இசேயில் அமைதியின் வடிவமாய் நிற்கும் அதே தலைவணக்கம், அங்கே அச்சத்தின் வடிவமாயிற்று.

1945 டிசம்பரில் நேசநாடுகளின் ஆக்கிரமிப்பு நிருவாகம் அரசுக்கும் ஷிந்தோவுக்கும் இருந்த தொடர்பை அறுத்தது. 1949இல் நிகழவேண்டிய புதுப்பித்தல் தள்ளிவைக்கப்பட்டது. உஜிப் பாலத்தையேனும் புதுப்பிப்போமென அவ்வாண்டில் பாலம் மாத்திரம் கட்டப்பட்டது. அதனாலேயே இன்றும் ஆலயத்துக்கு நான்கு ஆண்டுகள் முன்னதாகப் பாலம் புதுப்பிக்கப்படுகின்றது. 1953இல், அரசின் பணமின்றி, மக்கள் தந்த கொடையால் ஆலயம் எழுந்தது.

இனி, நமது வினாவுக்கு வருவோம். மரபின் மீது குற்றஞ் சாட்டப்படும்போது, அதனைப் பேணுவோர் பொதுவாக இருவகை விடைகளைக் கூறுவர். 'இது நாம் ஆக்கியதன்று, முன்னோர் தந்தது' என்பது ஒன்று. 'அந்நாளில் நடந்தவற்றுக்கு இந்நாளிலுள்ள நாம் பொறுப்பல்லோம்' என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருங்கே கூறல் இயலாது என்பதை இசே நமக்குத் தெளிவாகக் காட்டுகின்றது. ஒரு கற்கோயிலைக் காட்டி, 'இது முன்பே இங்கு நின்றது' எனக் கூறலாம். இசேயில் அவ்வாறு கூறமுடியாது. இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை, கட்டுவதா விடுவதா என்னும் தெரிவு உயிரோடிருப்போர் கையில் வந்து சேர்கின்றது. கட்டுகின்றவர் மரபைப் பெற்றவர் மாத்திரமல்லர், அதன் ஆக்கியோரும் ஆவர். அதன் பெருமையைத் தமதாக்கிக்கொள்ளும் ஒருவர் அதன் வரலாற்றையும் தமதாக ஏற்றல் வேண்டும். ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் புகழுக்கு உரிமை கோரி, அதற்குள் அடங்கிய ஐம்பது ஆண்டுகளை வேறொருவர் கணக்கில் எழுதிவிட முடியாது.

இதற்கு ஒரு தடை எழலாம். 'ஆற்றங்கரைக்கு வந்து கைகழுவி, மரநிழலிற் சிறிது நேரம் மனஆறுதல் பெற்றுச் செல்பவர்மீது இப்பெருஞ் சுமையை ஏற்றுவது நியாயமா? மரங்கள் என்ன பிழை செய்தன? குருதிக்கறை படியாத புனிதத்தலங்களையே நாடவேண்டுமெனின், உலகில் மனிதன் அமைதிபெற ஓரிடமும் எஞ்சாதே' என ஒருவர் கேட்கக்கூடும். இத்தடை வலிமை வாய்ந்தது. அதனை எளிதில் ஒதுக்கிவிடல் ஆகாது.

குற்றம் வேறு, பொறுப்பு வேறு என்பதே இதற்கு விடையாகும். 1930களில் நடந்த வற்புறுத்தலுக்கு இன்றைய தச்சனோ யாத்திரிகனோ குற்றவாளியல்லன். ஒருவர் செய்யாத செயலுக்கு அவரைத் தண்டித்தல் அறமாகாது. ஆனால் பொறுப்பு என்பது தண்டனைக்கு உரியவராதலன்று. கையேற்ற பொருளை அதன் முழு உண்மையோடும் கையேற்றலே பொறுப்பாகும். தந்தையின் வீட்டை ஏற்கும் மகன் அவர் பட்ட கடனையும் ஏற்கின்றான். அக்கடனை அவன் பட்டவனல்லன், ஆயினும் வீடு வேண்டுமெனில் கடன் எனதன்று எனக் கூறும் உரிமை அவனுக்கில்லை. அன்றியும், அமைதி பொய்யானது என்பது நமது முடிவன்று. பரற்பாதையில் நடப்பவர் நெஞ்சில் எழும் அடக்கம் மெய்யானதே. எதனையும் வேண்டாமல் நன்றி கூறித் திரும்பும் அங்குள்ள வழக்கமும் உயர்ந்ததே. அவ்வமைதி மறதியின் மீது கட்டப்பட்டதாயின் அது ஒருவகை உறக்கம். நினைவைத் தாங்கி நிற்குமாயின் அதுவே தெளிவு.

இவ்விடத்து இசேக்கே உரிய ஓர் இடர்ப்பாட்டையும் சுட்டவேண்டும். கல் வடுவைக் காக்கும். சிதைந்த சுவரும் உடைந்த தூணும் நடந்ததைப் பார்ப்பவர்க்கு உணர்த்தும். புதிய மரத்தில் வடு இல்லை. தூய்மையையே தலையாய பண்பாகக் கொண்ட ஒரு சமயத்தில், புதுப்பித்தல் என்பது அழுக்கோடு நினைவையும் கழுவிவிடக்கூடும். ஆதலின், கட்டடம் நினைவிற் கொள்ளாததை மனிதர் நினைவிற் கொள்ளல் வேண்டும். செய்ஜுன், ஷுயோ ஆகியோரின் பெயர்களும், பாலத்துக்கப்பால் அகற்றப்பட்ட வீடுகளும், பியொங்யாங் சிறையும் அந்நினைவின் பகுதிகள். எதனைப் புதுப்பிப்பது என்ற தெரிவில், எதனை மறவாதிருப்பது என்ற தெரிவும் அடங்கியுளது. கைவினையைத் தலைமுறைக்குத் தலைமுறை கையளிக்கத் தெரிந்த ஒரு சமுதாயத்துக்கு, மனச்சாட்சியைக் கையளித்தல் இயலாத செயலன்று.

இது யப்பானியருக்கு மாத்திரம் உரிய பாடமென எண்ணி நாம் ஆறுதல் கொள்ளலாகாது. கல்லாற் கட்டிய மரபுகளும் உண்மையில் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவனவே. நாள்தோறும் ஒரு விளக்கை ஏற்றுபவரும், ஒரு வழக்கத்தைப் பின்பற்றுபவரும், ஒருவரை வாயிலில் நிறுத்தி மற்றொருவரை உள்ளே விடுபவரும் அவ்வச்செயலைத் தாமே புதிதாகச் செய்கின்றனர். கற்சுவர் அதனை மறைக்கின்றது, இசேயின் புதிய மரமோ வெளிப்படுத்துகின்றது. 'தொன்றுதொட்டு வருவது' என்னும் சொல் ஒரு செயலின் வயதைக் கூறுமேயன்றி, அதன் நியாயத்தைக் கூறாது.

1923ஆம் ஆண்டில் இசே ஆலயத்தார் தமது காட்டில் ஒரு திட்டத்தைத் தொடங்கினர். ஆலயத்துக்கு வேண்டிய பெருமரங்களைத் தாமே வளர்க்கும் அத்திட்டத்தின் காலம் இருநூறு ஆண்டுகள். அன்று கன்று நட்டோர் அதன் பயனைக் காணப்போவதில்லை என்பதை அறிந்தே நட்டனர். 2013ஆம் ஆண்டுப் பணிக்கு வேண்டிய மரங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அக்காட்டிலிருந்து கிடைத்தது. தாம் காணாத மக்களுக்காக மரம் வைக்கும் பண்பு மரபின் மிக உயர்ந்த முகம். தாம் செய்யாத தீங்கையும் தம் கணக்கில் ஏற்று, அது மீண்டும் நிகழாதவாறு அடுத்த தலைமுறைக்கு உண்மையைச் சொல்லிவைத்தலும் அதே பண்பின் மறுமுகமே. முன்னது வருங்காலத்துக்குச் செய்யும் கடமை, பின்னது இறந்தகாலத்துக்குச் செய்யும் கடமை. ஒன்றைச் செய்யவல்லவர் மற்றொன்றையும் செய்யவல்லவரே.

2033இல் ஓரிரவு, விளக்குகள் அணைக்கப்பட்டு, வெண்பட்டுத் திரை சூழ, தெய்வம் பழைய ஆலயத்திலிருந்து புதிய ஆலயத்துக்கு எழுந்தருளும். அதற்கு முன்னதாக இசே மக்கள் ஆற்றிலிருந்து எடுத்த வெண்கற்களைக் கையிலேந்திச் சென்று புதிய முன்றிலில் பரப்புவர். பொதுமக்கள் வேலிக்குள்ளே அவ்வளவு தூரம் செல்ல வாய்ப்பது அந்த ஒருமுறையே. ஒருவர் ஒரு கல்லைச் சுமக்கின்றார், வைக்கின்றார், திரும்புகின்றார். தாம் வைத்த கல் எதுவெனப் பின்னர் அவராலும் அடையாளம் காணமுடியாது. ஆயினும் அம்முன்றில் அவர் வைத்த கல்லாலும் ஆயது. மரபில் நமது பங்கும் அத்தகையதே. நம் கையிலிருக்கும் கல் எது, அதனை எங்கே வைக்கின்றோம் என்பதை வைக்கும் முன்னரே அறிந்துகொள்ளுதல் நமது கடன்.